முன்வார்ப்புக் கான்கிரீட் தொழிற்கூடங்களின் நிலநடுக்கப் பலவீனத்தை மதிப்பிடும் முறை

2012 மே 20, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.03 மணிக்கு, வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் ஃபினாலே எமிலியா என்ற ஊரை ஒட்டி ரிக்டர் அளவில் 5.9 வலிமையுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. இரவுப் பணியில் இருந்த தொழிலாளர் நால்வர் இடிந்த தொழிற்கூடங்களில் உயிரிழந்தனர். ஒன்பது நாள்கள் கழித்து, மே 29 செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு, மெடொல்லா, மிராந்தொலா ஊர்களின் பக்கத்தில் 5.8 வலிமையுள்ள இன்னொரு நடுக்கம் வந்தது. அப்போது ஆலைகளில் வேலை நடந்துகொண்டிருந்ததால், அன்று இறந்தவர்களில் கணிசமானோர் முன்வார்ப்புக் கான்கிரீட் (தொழிற்சாலையில் முன்பே வார்த்து, களத்துக்குக் கொண்டுவந்து பொருத்தும் கான்கிரீட்) கூரைகளின் கீழ் நின்றவர்கள். முதல் நடுக்கத்துக்குப் பிறகு கட்டடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சென்ற பொறியாளர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார்.

நிலநடுக்க வரலாற்றில் இவை பெரிய நடுக்கங்கள் அல்ல. அப்படியிருந்தும் தொழிற்கூடங்கள் பல இடிந்தன. இடிந்தவை பலவற்றில் கான்கிரீட்டின் தரம் நன்றாகவே இருந்தது. தொழிற்சாலையில் கட்டுப்பாட்டுடன் வார்க்கப்பட்ட உறுப்புகளில் அப்படித்தான் இருக்கும். பல இடங்களில் தூண் நிமிர்ந்து நின்றது, உத்திரமும் உடையாமல் முழுதாகத் தரையில் கிடந்தது. உறுப்புகள் தோற்கவில்லை, அவற்றைச் சேர்த்துவைக்க எதுவும் இல்லாததுதான் தோல்வி. ஆகவே இவ்வகைக் கட்டடத்தை மதிப்பிடச் செல்பவர் தூணின் வலிமையிலிருந்து தொடங்காமல் இணைப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. இந்த நடுக்கங்கள் தாக்கிய எமிலியா வட்டாரத்தில் கண்ட கட்டட வகையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த வரிசையிலேயே முறையை விளக்குகிறேன்.

கட்டடம் எப்படி நிற்கிறது என்று முதலில் புரிந்துகொள்வது

எமிலியாவின் வழக்கமான தொழிற்கூடம் ஒரே தளம் கொண்டது. முன்வார்ப்புத் தூண்கள் குழி வடிவ அடித்தளத்துக்குள் இறக்கப்பட்டு, சுற்றிலும் கிரௌட் (சிமென்ட் குழம்பு) ஊற்றி நிலைநிறுத்தப்பட்டிருக்கும். தூணின் தலையில் அல்லது அதன் பக்கத்தில் நீட்டிய கார்பெலில், நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் பட்டையின் மேல், முன்தகைவு ஊட்டிய (உள்ளே இழுத்துக் கட்டிய எஃகு இழைகளால் முன்கூட்டியே அழுத்தப்பட்ட) உத்திரம் வெறுமனே வைக்கப்பட்டிருக்கும். அந்த உத்திரங்களின் மேல் இரட்டை டி வடிவம், ஒய் வடிவம், சிறகு வடிவம் என்று பலவகைக் கூரை உறுப்புகள் இடைவெளி விட்டோ நெருக்கமாகவோ கிடக்கும். சுற்றுச்சுவர் என்பது போல்ட்டுகளால் தொங்கவிடப்பட்ட கனமான கான்கிரீட் பலகங்கள்.

களத்திலேயே வார்க்கப்படும் சட்டகக் கட்டடத்தில் தூணும் உத்திரமும் சேரும் மூட்டு ஒரே உடலாக இருப்பதால், ஓரிடத்தில் விரிசல் விட்டாலும் பளு வேறு வழியாகப் போய்ச் சேர இடமுண்டு. இங்கே அந்த வசதி இல்லை. கிடைவிசையைத் தாங்குவது அடியில் மட்டும் பிடிக்கப்பட்ட தனித்தனித் தூண்கள். கூரையின் நிறையில் பிறக்கும் விசை அந்தத் தூண்களை அடைய கூரை உறுப்பிலிருந்து உத்திரம், உத்திரத்திலிருந்து தூண், தூணிலிருந்து அடித்தளம் என்று ஒரே ஒரு பாதைதான் இருக்கிறது. அதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மாற்றுப் பாதை கிடையாது. எனவே ஆய்வாளர் கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஒரு தாளை எடுத்து, கூரையின் உச்சியிலிருந்து மண் வரை இந்தப் பாதையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியே வரைந்து, ஒவ்வொரு சந்திப்பிலும் ‘இங்கே விசையைக் கடத்துவது எது?’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். விடை ‘உராய்வு’ என்று வரும் இடங்கள் எல்லாம் சிவப்புக் குறி பெற வேண்டியவை.

ஆண்டும் மண்டலமும்

கட்டிய ஆண்டு வெறும் தகவல் அல்ல, அதுவே பாதி நோயறிதல். இத்தாலியில் 1987 டிசம்பரில் வந்த முன்வார்ப்புக் கட்டுமான ஆணை, நிலநடுக்க மண்டலங்களில் கிடைவிசையை உராய்வை மட்டும் நம்பிக் கடத்துவதைத் தடைசெய்தது. ஆனால் அப்போது எமிலியா சமவெளியின் பெரும்பகுதி நிலநடுக்க மண்டலமாகவே வகைப்படுத்தப்படவில்லை. 2002-இல் மொலீசே பகுதியில் ஒரு பள்ளி இடிந்து குழந்தைகள் மாண்ட பிறகு, 2003 மார்ச் மாத ஆணைதான் நாட்டின் வரைபடத்தைத் திருத்தி இப்பகுதியை மூன்றாம் மண்டலத்தில் சேர்த்தது. நடைமுறை வடிவமைப்பில் அது இடம்பிடிக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட பல ஆண்டுகளில் எழுந்த ஆயிரக்கணக்கான கூடங்கள் விதியை மீறிக் கட்டப்பட்டவை அல்ல. அன்றைய விதிப்படியே உராய்வை நம்பிக் கட்டப்பட்டவை. இதை உரிமையாளருக்கு விளக்குவது மதிப்பீட்டாளரின் கடமை, ஏனெனில் ‘அனுமதி பெற்றுத்தான் கட்டினோம்’ என்ற உண்மையான பதில் பாதுகாப்புக்குச் சான்றாகிவிடாது.

நம் வாசகர்களுக்கு இது அந்நியமான கதை அல்ல. 2002-இல் நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து, அதைவிட அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் வடிவமைக்கப்பட்ட எந்தக் கட்டடத்துக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

ஆவணங்களில் தேட வேண்டியவை: கட்டமைப்பு வரைபடங்கள், முன்வார்ப்பு நிறுவனத்தின் இணைப்பு விவரப் படங்கள், கணக்கீட்டு அறிக்கை, மண் ஆய்வு, பின்னாளில் செய்த விரிவாக்கங்களின் பதிவு. பொது வரைபடத்தைவிட இணைப்பு விவரப் படமே மதிப்புமிக்கது. ஆனால் அதிலும் வரையப்பட்டது களத்தில் செய்யப்பட்டதா என்பது நேரில் பார்க்காமல் தெரியாது. விரிவாக்கங்களைத் தனியே குறிக்க வேண்டும். பழைய கூடத்தின் தூணில் புதிய கூடத்தின் உத்திரத்தைச் சாய்த்திருந்தாலோ, இரு கூடங்களுக்கு இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி மட்டும் விட்டிருந்தாலோ, இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடுவதில் பொருள் இல்லை.

உத்திரம் தூணைச் சந்திக்கும் இடம்

களப்பணிக்கான நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிட வேண்டும். தரையில் நின்று தொலைநோக்கியால் பார்ப்பது போதாது. உயரத்துக்கு ஏற்றும் இயந்திர மேடையில் ஏறி, கை எட்டும் தூரத்தில் பார்க்க வேண்டும். எல்லா இணைப்புகளையும் பார்க்க முடியாவிட்டால், மூலைத் தூண், ஓரத் தூண், நடுத் தூண், உயர வேறுபாடு உள்ள இடம், விரிவாக்கம் தொடங்கும் இடம் என ஒவ்வொரு வகையிலும் சிலவற்றைத் தெரிந்தெடுக்கலாம்.

முதற்கேள்வி, டவல் கம்பி இருக்கிறதா என்பது. முறையான இணைப்பில் தூணின் தலையிலிருந்து எழும் எஃகுக் கம்பி உத்திர முனையிலுள்ள துளைக்குள் நுழைந்து, துளை கிரௌட்டால் நிரப்பப்பட்டிருக்கும். உத்திரத்தின் மேற்பக்கத்தில் துளையின் வாய் தெரியலாம், அல்லது கவர் மீட்டர் (கான்கிரீட்டுக்குள் உள்ள எஃகைக் கண்டறியும் கருவி) கொண்டு கம்பியைத் தேடலாம். கம்பி இருந்து கிரௌட் இல்லாவிட்டால், அது இடம்பெயர்வைத் தடுப்பதற்கு முன் துளைக்குள் ஆடும். கம்பி உத்திரத்தின் முனைக்கு மிக அருகில் இருந்தால், எஃகு நெகிழத் தொடங்குவதற்கு முன்பே சுற்றியுள்ள கான்கிரீட் பெயர்ந்து விழும். எனவே கம்பியின் விட்டத்தைப் போலவே முனையிலிருந்து அதன் தூரமும், அதைச் சுற்றி ஸ்டிரப் (வளையக் கம்பி) உள்ளதா என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, தூணின் தலையில் உத்திரத்தை இருபுறமும் அணைத்து நிற்கும் கவை. உயரமான, மெல்லிய உத்திரம் பக்கவாட்டில் கவிழாமல் இருக்க வைக்கப்படும் இந்தக் கான்கிரீட் காதுகள் பல வடிவமைப்புகளில் பொருத்துதல் கட்டத்துக்காகவே கணக்கிடப்பட்டவை. உத்திரத்துக்குச் செங்குத்தான திசையில் நிலம் ஆடும்போது கூரையின் முழு விசையும் இவற்றின் மேல் சாயும். எமிலியாவில் கவைகள் அடியோடு முறிந்து உத்திரங்கள் பக்கவாட்டில் உருண்ட இடங்கள் பல. கவையின் தடிப்பு, அதன் வேரிலுள்ள செங்குத்துக் கம்பிகள், உத்திரத்துக்கும் கவைக்கும் உள்ள இடைவெளி மூன்றையும் அளக்கவும்.

மூன்றாவது, தாங்கு நீளம், அதாவது உத்திரத்தின் முனை தூணின் மேல் அமர்ந்திருக்கும் நீளம். வரைபடம் 20 சென்டிமீட்டர் என்று சொல்லலாம். அளக்க வேண்டியது உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை. பொருத்தும்போது ஏற்பட்ட பிழை 2 அல்லது 3 சென்டிமீட்டரைத் தின்றிருக்கும். ஆட்டத்தின்போது தூணின் விளிம்பிலும் உத்திரத்தின் முனையிலும் கம்பிக்கு வெளியே உள்ள மேலுறைக் கான்கிரீட் உடைந்துவிடும் என்று கொண்டு இருபுறமும் 3 சென்டிமீட்டர் கழித்தால், பயன்படும் நீளம் 11, 12 சென்டிமீட்டர்தான்.

உராய்வு மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கால் உடனே காட்டலாம். 50 சென்டிமீட்டர் சதுரத் தூண், உயரம் 7 மீட்டர், உத்திரம் தரும் பளு 250 கிலோநியூட்டன், நியோப்ரீன் பட்டை 30 க்கு 25 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பட்டையின் மேல் அழுத்தம் ஏறத்தாழ 3.3 மெகாபாஸ்கல். கான்கிரீட்டுக்கும் நியோப்ரீனுக்கும் இடையிலான உராய்வுக் கெழு அழுத்தம் கூடக் கூடக் குறையும். இந்த அழுத்தத்தில் 0.12 அளவே எதிர்பார்க்கலாம். ஆக, கிடைக்கும் தடை 30 கிலோநியூட்டன். விரிசல் விட்ட தூணின் விறைப்பைப் பாதியாகக் கொண்டால் அலைவு நேரம் (ஒருமுறை ஆடித் திரும்பும் நேரம்) சுமார் 1.2 விநாடி. பாறைத் தளத்தில் புவியீர்ப்பின் 0.15 பங்கு உச்ச முடுக்கம் என்று கொண்டு, அலைவு நேரத்துக்கு ஏற்பக் கட்டடம் பெறும் முடுக்கத்தைக் காட்டும் வழக்கமான நிறமாலையில் பார்த்தால் 1.2 விநாடியில் 0.156 பங்கு கிடைக்கும். தேவைப்படும் விசை 39 கிலோநியூட்டன். இளகிய மண் இதை ஒன்றரை மடங்காக்கினால் 58. முப்பதைக் கொண்டு ஐம்பத்தெட்டைத் தாங்க முடியாது.

இதோடு செங்குத்து ஆட்டத்தையும் சேர்க்க வேண்டும். மிராந்தொலா நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் மே 20 அன்று கிடைமுடுக்கம் புவியீர்ப்பின் 0.26 பங்கு அளவிலும், செங்குத்து முடுக்கம் 0.3 பங்கு அளவிலும் பதிவாயின. மே 29 அன்று செங்குத்து முடுக்கம் 0.8 பங்கைத் தாண்டியது. உத்திரம் மேலே எழும்பும் கணத்தில் பட்டையின் மேலுள்ள அழுத்தம் குறைகிறது. 30 விழுக்காடு குறைந்தால் மேற்சொன்ன தடை 21 கிலோநியூட்டனாகிவிடும். பிளவுக் கோட்டுக்கு அருகிலுள்ள இடங்களில் இதைப் புறக்கணித்து எழுதும் மதிப்பீட்டை நான் ஏற்க மாட்டேன்.

அடுத்து இடப்பெயர்வு. அதே தூணின் தலை மேற்சொன்ன ஆட்டத்தில் சுமார் 6 சென்டிமீட்டரும், இளகிய மண்ணில் 8.5 சென்டிமீட்டரும் நகரும். ஒரே உத்திரத்தின் இரு முனைத் தூண்களும் ஒன்றாக ஆடினால் தொல்லை குறைவு. ஆனால் ஒன்று உயரமாக, ஒன்று குட்டையாக, அல்லது ஒன்று மட்டும் சுவர்ப்பலகத்தோடு ஒட்டி இருந்தால் அவை மாறுபட்டு ஆடும். முற்றிலும் எதிர்த்திசையில் ஆடினால் 17 சென்டிமீட்டர். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துக் கணக்கிட்டாலும் 12. நம்மிடம் இருந்த தாங்கு நீளம் 11, 12 சென்டிமீட்டர். உத்திரங்கள் ஏன் முழுதாகவே கீழே விழுந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கூரை உறுப்புகள்

உத்திரத்துக்குச் சொன்னவை யாவும் கூரை உறுப்புகளுக்கும் பொருந்தும், எண்ணிக்கைதான் அதிகம். கூடுதலாகப் பார்க்க வேண்டியது, கூரை ஒரே தளமாக இயங்குமா என்பது. கூரை உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைத்து, மேலே கம்பி வலையுடன் கான்கிரீட் படலம் போட்டிருந்தால் விசையைத் தூண்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டயஃப்ரம் உண்டு எனலாம். இடையிடையே ஒளிபுகு தகடுகளும் மெல்லிய வளைதகடுகளும் மட்டும் இருந்தால் அது இல்லை. ஒவ்வொரு தூணும் தன் பங்குக் கூரையோடு தனித்தே ஆடும் என்று கொள்ள வேண்டும். மழைநீர் ஒழுகும் இடங்களில் முனைக் கம்பிகள் துருப்பிடித்துள்ளனவா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

தூணும் அடித்தளமும்

தூணில் கான்கிரீட்டின் வலிமையை மேற்பரப்பில் தட்டி அளக்கும் ரீபவுண்ட் சுத்தியலாலும், தேவைப்பட்டால் துளைத்தெடுத்த கோர் மாதிரியாலும் அறியலாம். ஆனால் அதிகம் சொல்வது ஸ்டிரப்களின் இடைவெளி. தூணின் அடியில், தரைக்கு மேல் முதல் ஒரு மீட்டரில், கவர் மீட்டரால் ஸ்டிரப்களை எண்ணவும். நிலநடுக்கத்தைக் கருதாமல் வடிவமைத்த தூண்களில் அவை 15 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கம்பிகளாக இருப்பது வழக்கம். மேலுறை பெயர்ந்ததும் நெடுக்குக் கம்பிகள் வெளியே வளைவதை அவை தடுக்கமாட்டா. அத்தகைய தூணுக்கு வளைந்து நெகிழும் திறன் உண்டு என்று கொண்டு விசையைப் பெரிதாகக் குறைத்துக் கணக்கிடுவது தவறு.

உயரமும் ஒல்லியும் ஆன தூண்களில் தலை நகர நகரக் கூரைப் பளுவே தூணைக் கூடுதலாக வளைக்கும் விளைவை உண்டாக்கும். 7 மீட்டருக்கு 8.5 சென்டிமீட்டர் என்றால் உயரத்தில் 1.2 விழுக்காடு, 10 மீட்டர் தூண்களில் இந்த இரண்டாம் நிலை விளைவைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது.

அடித்தளம் கண்ணுக்குத் தெரியாததால் மறக்கப்படுகிறது. எமிலியாவில் தூண் உடையாமல், குழி அடித்தளம் சுழன்றதால் தூண் சாய்ந்து நின்ற கூடங்கள் இருந்தன. ஓரிரு இடங்களில் தோண்டி, குழியின் ஆழம், குழிச்சுவரின் தடிப்பு, கிரௌட்டின் நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மண் நீர் செறிந்த மணலாக இருந்தால் மண் திரவமாகும் வாய்ப்பையும் ஆராய வேண்டும். 2012-இல் சான் கார்லோ போன்ற ஊர்களில் வீடுகளுக்குள்ளிருந்தே மணல் பீறிட்டது.

தூண்களுக்கு இடையே செங்கற்சுவர் எழுப்பி, மேலே மட்டும் நீண்ட சன்னல் பட்டை விட்டிருந்தால் தனிக்கவனம் வேண்டும். சுவர் தூணைப் பிடித்துக்கொள்ளும். ஆடும் பகுதி சன்னல் உயரத்துக்குச் சுருங்கி, 7 மீட்டர் தூண் ஒன்றரை மீட்டர் குட்டைத் தூணாகிவிடும். வளைந்து கொடுக்க வேண்டிய தூண் வெட்டுவிசையில் குறுக்கே பிளக்கும். வரைபடத்தில் இந்தச் சுவர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் களத்தில்தான் பிடிபடும்.

சுவர்ப் பலகங்கள்

இவற்றை ‘கட்டமைப்பு அல்லாத உறுப்புகள்’ என்று ஒதுக்கிவைத்த பழக்கம் எமிலியாவில் பெருந்தீங்கு செய்தது. 10 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்ட, உள்ளே இலகுப் பொருள் வைத்த ஒரு பலகம் சதுர மீட்டருக்கு 400 கிலோ என்றால் 10 டன் எடை கொண்டது. அது வாசலின் மேல் தொங்குகிறது. அலறியடித்து ஓடிவரும் தொழிலாளி அதன் கீழேதான் வெளியேற வேண்டும்.

பலகங்களைப் பிடிப்பவை பொதுவாக, தூணில் பதித்த எஃகுத் தண்டவாளப் பள்ளத்துக்குள் மாட்டிய சுத்தியல் தலை போல்ட்டுகள். இவை காற்றின் இழுவைக்காக, அதாவது பலகத்தின் தளத்துக்குச் செங்குத்தான விசைக்காக வடிவமைக்கப்பட்டவை. தூண்கள் நீளவாக்கில் ஆடும்போது பலகம் தன் தளத்துக்குள் மிக விறைப்பானது, தூணோ இளகியது. போல்ட் நழுவிச் செல்லும் தூரம் தீர்ந்ததும் பலகமே விசையை ஏற்கத் தொடங்கும். கட்டடத்தின் அலைவு நேரம் 1.2 விநாடியிலிருந்து அரை விநாடிக்குக் கீழே இறங்கும். விசை நிறமாலையின் உச்சிக்குப் போய் இரு மடங்குக்கு மேலாகும். வடிவமைப்பாளர் கற்பனை செய்திராத அந்த விசை முழுவதும் சில போல்ட்டுகளின் மேல் விழுகிறது. போல்ட்டின் தலை பள்ளத்தின் உதடுகளை விரித்து வெளியே வந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு பலக வகைக்கும் நான்கு விவரங்கள் தேவை: எத்தனை பிடிப்புகள், எந்த வகை, பள்ளத்துக்குள் போல்ட் எந்தப் பக்கம் எவ்வளவு நகர இடமுண்டு, பலகத்தின் எடையை அடியில் தாங்குவது எது. பலகங்களுக்கு இடையிலுள்ள சீலண்ட் (அடைப்புப் பசை) இடைவெளி 1 அல்லது 2 சென்டிமீட்டர் என்றால், மேலே கணக்கிட்ட 6 முதல் 8.5 சென்டிமீட்டர் நகர்வுக்கு அது போதாது என்பதை எழுதிவைக்க வேண்டும். பலகங்கள் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருந்து எதிர்ப்பக்கம் முழுவதும் கதவுகளாக இருந்தால், கட்டடம் நடுவச்சைச் சுற்றித் திருகும். மூலைத் தூண்களின் இணைப்புகள் முதலில் விடுபடும்.

உள்ளே இருப்பவை

உயரமான சரக்கு அடுக்குகள் கட்டடத்தின் தூணோடு கட்டப்பட்டுள்ளனவா, தனித்து நிற்கின்றனவா, நீளவாக்கில் குறுக்குக் கம்பிகள் உள்ளனவா, அடித்தகட்டில் நங்கூர போல்ட் உள்ளதா என்று பார்க்கவும். எமிலியாவில் பார்மிஜானோ பாலாடைக்கட்டி முதிர்விக்கும் கிடங்குகளில், ஒவ்வொன்றும் 40 கிலோ அளவுள்ள லட்சக்கணக்கான சக்கரங்கள் அடுக்குகளோடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. முழுதாக நிரம்பிய அடுக்கு தூணின் மேல் சாய்ந்தால் தூண் தாங்காது. ஆகவே அடுக்கை மதிப்பிடுவது கட்டட மதிப்பீட்டின் ஒரு பகுதியே. பாலக் கிரேன் இருந்தால் அதன் தண்டவாளம் கார்பெலோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது, ஓய்வில் எங்கே நிறுத்தப்படுகிறது என்பதையும் குறிக்கலாம்.

கணக்கீடு

களத்தகவல் கைக்கு வந்த பிறகுதான் கணினி மாதிரி. அந்த வரிசையை மாற்றினால், மென்பொருள் இயல்பாகத் தரும் விறைப்பான மூட்டுகள் மாதிரியில் புகுந்து, இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டிவிடும். உத்திர முனைகளைக் கீல்களாகவும், டயஃப்ரம் இல்லாத கூரையை டயஃப்ரம் இல்லாததாகவே, தூண்களை விரிசல் விட்ட விறைப்போடும் அமைக்க வேண்டும். பலகங்களைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை என இரு மாதிரிகள் அவசியம்: சேர்க்காதது இடப்பெயர்வை மிகுத்துக் காட்டும், சேர்த்தது பிடிப்புகளின் விசையை மிகுத்துக் காட்டும். தாங்கு நீளத்தை முதலாவதாலும், போல்ட்டுகளை இரண்டாவதாலும் சோதிப்பது பாதுகாப்பான வழி.

முடிவை ஒரே எண்ணாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உத்திர இணைப்பு, கூரை இணைப்பு, தூணின் வளைவு, தூணின் வெட்டு, அடித்தளம், பலகப் பிடிப்பு என ஒவ்வொன்றுக்கும், இப்போது தாங்கும் ஆட்டத்துக்கும் புதிய கட்டடத்துக்கு விதிக்கப்படும் ஆட்டத்துக்கும் உள்ள விகிதத்தைத் தனித்தனியே கொடுக்க வேண்டும். தூணுக்கு 0.7, உத்திர இணைப்புக்கு 0.2 என்று வந்தால் கட்டடத்தின் விகிதம் 0.2, ஆனால் எதைச் சரிசெய்தால் அது 0.7 ஆகும் என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

முதலில் எதைச் செய்வது

2012 ஜூன் மாதமே இத்தாலிய அரசு பிறப்பித்த 74-ஆம் எண் அவசரச் சட்டம் (ஆகஸ்டில் 122-ஆம் எண் சட்டமாக நிறைவேறியது) இந்த வரிசையைத் தெளிவாக்கியது. கூடங்களில் மீண்டும் வேலை தொடங்கத் தற்காலிகச் சான்று வேண்டுமானால் மூன்று குறைகள் நீங்கியிருக்க வேண்டும்: தூணுக்கும் கிடை உறுப்புகளுக்கும் இடையிலும், கிடை உறுப்புகளுக்குள்ளும் இயந்திர இணைப்பு இல்லாமை; போதிய பிடிப்பில்லாத சுவர்ப் பலகங்கள்; சரிந்தால் கட்டடத்தையே பாதிக்கக்கூடிய, குறுக்குத்தாங்கல் அற்ற கனச் சரக்கு அடுக்குகள். முழுமையான பாதுகாப்புச் சோதனையும், புதிய கட்டடத்துக்கான அளவில் குறைந்தது 60 விழுக்காட்டை எட்டும் பலப்படுத்தலும் அதன் பிறகு. உயிர் காக்கும் வேலையையும் நெடுநாள் வேலையையும் இப்படிப் பிரித்தது மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. எந்த நாட்டிலும் அறிக்கையை இந்த வரிசையில் எழுதலாம்.

இணைப்புகளுக்கு எஃகுக் கோணங்கள், தகடுகள், வடங்கள் எனப் பல தீர்வுகள் உண்டு. பரிந்துரைக்கும்போது இரண்டைக் கவனிக்கவும். முன்தகைவு உத்திரங்களின் முனையில் இழைக்கற்றைகள் நெருங்கிச் செல்வதால், கம்பி வரைபடமோ வருடல் சோதனையோ இல்லாமல் துளையிடக் கூடாது. ஒரு கற்றையை அறுத்தாலும் இழந்ததை மீட்க வழியில்லை. மேலும், நழுவிய இணைப்பை இறுக்கிப் பிணைத்துவிட்டால், இதுவரை நழுவலால் தூணுக்கு எட்டாமல் இருந்த விசை இனி முழுமையாகத் தூணுக்கும் அடித்தளத்துக்கும் போகும். ஆகவே இணைப்பைச் சரிசெய்த நிலையில் தூணையும் அடித்தளத்தையும் மறுபடியும் கணக்கிட்ட பிறகே பரிந்துரையைக் கையெழுத்திட வேண்டும்.

நிலநடுக்கத்துக்குப் பின் அழைக்கப்படும் மதிப்பீட்டாளர் முதல் ஆய்வை வெளியிலிருந்தே செய்ய வேண்டும்: கூரை விளிம்பின் கோடு வளைந்துள்ளதா, பலகங்கள் சாய்ந்துள்ளனவா, உத்திர முனையில் புதிய வெண்ணிறக் கான்கிரீட் தெரிகிறதா என்று தொலைநோக்கியால் பார்க்கலாம். பலகத்தின் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் நிற்கவும். இயந்திரங்களையும் சரக்கையும் மீட்க உரிமையாளர் அவசரப்படுத்துவார். அவருடைய நெருக்கடி உண்மையானதே. எனினும், உராய்வை மட்டும் நம்பும் கூடத்தில் முதல் நடுக்கத்தில் உத்திரம் 5 சென்டிமீட்டர் நழுவியிருந்தால், அடுத்த நடுக்கத்துக்கு எஞ்சியிருப்பது அதற்கும் குறைவாக இருக்கலாம். தற்காலிகத் தாங்குகால்கள் நிறுத்தி, பலகங்களைக் கட்டிய பிறகு, வெளியே ஒருவர் காவலுக்கு நிற்க, பெயர் குறித்துக்கொண்டு, வேண்டிய நேரத்துக்கு மட்டும் உள்ளே செல்லலாம். அதற்கு முன் யாரும், மதிப்பீட்டாளர் உட்பட, கூரையின் கீழ் கால் வைக்கக் கூடாது.